1 இன்ச் ஃபோம் ஒட்டியும் ரூம் 'டம் டம்'னு அடிக்குது: 16×11 அடி, செங்கல் சுவர், என்ன பண்ணலாம்?

நூல்கண்டு (திருப்பூர்)

வணக்கங்க. நாலு வருசமா இந்த ஃபோரத்துக்கு வந்து படிச்சுட்டு சத்தமில்லாம போற ஆளு நான். இப்போ சத்தமே பிரச்சினை ஆகிப்போச்சு, அதனால எழுதறேன்.

மொட்டை மாடியில படம் பாக்கறதுக்குன்னு தனியா ஒரு ரூம் கட்டினோம். 16 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். 9 இன்ச் செங்கல் சுவர், மேல கான்கிரீட், கீழ டைல்ஸ். வலது சுவர்ல ஒரு ஜன்னல். பின்னாடி ஓரமா கதவு. 5.1 செட்டு (அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்), 100 இன்ச் திரை, புரொஜெக்டர். 10 இன்ச் சப்வூஃபர், அதான் பாஸுக்குன்னு இருக்கற தனி ஸ்பீக்கர், முன் மூலையில. சோபாவை இடம் அடைக்காம இருக்கட்டும்னு பின்சுவரோட ஒட்டிப் போட்டிருக்கேன்.

முதல் நாள் படம் போட்டப்ப கிணத்துக்குள்ள உக்காந்து கேட்ட மாதிரி இருந்துச்சு. யூட்யூப்ல பாத்துட்டு பிரமிடு ஃபோம் ஆன்லைன்ல வாங்கி, சுவர்ல முக்கால்வாசி ஒட்டிட்டேன். 1 இன்ச் தடிமன். எதிரொலி போயிருச்சுங்க. ஆனா கூடவே கொலுசு, ஜால்ரா, மழைச்சத்தம் எல்லாம் செத்துப்போச்சு. வசனம் கம்பளிக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு. பாஸ் மட்டும் துளிகூடக் குறையல. கீழ இருக்கற அம்மா, "மாடியில யாருடா உரல் இடிக்கறது"ன்னு கேக்கறாங்க.

இன்னொரு கூத்து. நடுவுல உக்கார்ற எனக்குக் கூட ஓரளவு பரவாயில்லை, ஓரத்துல உக்கார்ற மச்சான் காதைப் பொத்திக்கறான். நடிக்கறான்னு நினைச்சேன். இடம் மாறி உக்காந்து பாத்தேன், நிசந்தான்.

ஃபோம் பத்தலையா? மிச்ச சுவருக்கும் ஒட்டிரட்டுமா?

---

மூக்குக்கண்ணாடி

10 இன்ச் சப்தான் கோளாறு. சின்ன சப்வூஃபரை முக்கி வேலை வாங்கினா அப்படித்தான் இருக்கும். 12 இன்ச் எடுங்க, எல்லாம் சரியாயிடும்.

---

பழைய டேப்

மூக்குக்கண்ணாடி தம்பி, அவர் ரூமே உரல் மாதிரி இருக்கு. நீங்க பெரிய உலக்கை வாங்கச் சொல்றீங்க.

நூல்கண்டு, மிச்ச சுவருக்கு ஒட்டாதீங்க. ஒட்டினதையும் பாதிக்கு மேல உரிக்க வேண்டி வரும், மனசைத் தேத்திக்குங்க. ஏன்னு சொல்றேன்.

சத்தம் நம்ம ஊர் வெயில்ல நொடிக்குச் சுமார் 1,140 அடி போகும். 4,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 4,000 அதிர்வு) ஒலிக்கு ஒரு அலையோட நீளம் மூணரை இன்ச்கூட இல்லை. அதை உங்க 1 இன்ச் ஃபோம் தின்னுடும். 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஒரு அலை கிட்டத்தட்ட 23 அடி, அதாவது உங்க ரூமைவிட நீளம். அதுக்கு முன்னாடி 1 இன்ச் ஃபோம் ஒரு கோட் பெயிண்ட்டுக்குச் சமானம். மேல்ஸ்தாயியை மட்டும் வழிச்சு எடுத்துட்டு, கீழ்ஸ்தாயியை அப்படியே விட்டிருக்கீங்க. சாம்பார்ல தெளிவை வடிச்சுட்டு மண்டியைப் பரிமாறின மாதிரி. வசனம் கம்பளிக்குள்ள போனது இதனாலதான்: ச, ஷ, த மாதிரி மெய்யெழுத்து எல்லாம் மேல்ஸ்தாயியில நிக்குது.

அடுத்தது அந்த 'டம்'. எதிரெதிர்ச் சுவர் ரெண்டுக்கும் நடுவுல, அரை அலை சரியாப் பொருந்துற ஒலி தங்கி நின்னு ஆடும். கணக்கு சுலபம், 1,140-ஐ நீளத்தோட இரண்டு மடங்கால வகுங்க. உங்க 16 அடிக்கு 36 ஹெர்ட்ஸ் சுமார். 11 அடி அகலத்துக்கு 52. 10 அடி உயரத்துக்கு 57. அப்புறம் அதுகளோட மடங்குகள். நீளத்தோட மூணாவது மடங்கு 107, அகலத்தோட ரெண்டாவது மடங்கு 104. ரெண்டும் தோள்மேல கைபோட்டு நிக்குது, அங்கயும் ஒரு மொத்து விழும்.

இந்த ஆட்டம் சுவர் ஓரத்துலதான் உச்சம். நீங்க சோபாவைப் பின்சுவரோட ஒட்டிப் போட்டிருக்கீங்க, நீளவாக்கு ஆட்டம் முழுக்க உங்க பிடரியில விழுது. அகலவாக்கு 52 ஹெர்ட்ஸுக்கு ரூம் நட்டநடுவுல சத்தமே இருக்காது, பக்கச் சுவர்கிட்ட போகப் போக ஏறும். அதான் நடுவுல இருக்கற உங்களுக்குத் தெரியல, ஓரத்து மச்சானுக்குத் தெரியுது. அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுடுங்க.

செலவே இல்லாத வேலை ரெண்டு இருக்கு, அதை முதல்ல செய்யுங்க. சோபாவைப் பின்சுவர்ல இருந்து ஆறடி முன்னாடி இழுங்க. காதுக்கும் திரைக்கும் பத்தடி இருக்கும். 100 இன்ச் திரைக்கு அது 40 டிகிரி பார்வைக் கோணம், தியேட்டர்ல நல்ல சீட்டுல உக்காந்த கணக்கு. அடுத்து, சப்பை மூலையில இருந்து எடுத்துத் திரைக்குக் கீழ நட்டநடுவுல வைங்க. மூலையில வச்சா எல்லா ஆட்டத்தையும் ஒரே நேரத்துல கிளப்பி விடும். முன்சுவர் நடுவுல வச்சா அந்த 52 ஹெர்ட்ஸைக் கிளப்பாது.

செஞ்சு பாத்துட்டு வந்து சொல்லுங்க. அதுக்கு அப்புறம் மரம், துணி எல்லாம் பேசலாம்.

---

காக்கா முட்டை

ஏன் இவ்வளவு கஷ்டம்? முட்டை ட்ரே வாங்கி ஒட்டலாமே. எங்க ஊர்ல ஒரு ரெக்கார்டிங் ரூம்ல அப்படித்தான் பண்ணியிருந்தாங்க. கடையில சும்மாவே தருவாங்க.

---

பழைய டேப்

முட்டையை உடையாம வைக்கிறதுக்கு முட்டை ட்ரே உத்தமமான பொருள். ஒலிக்கு அது ஒரு மில்லிமீட்டர் சொச்சம் அட்டை. எதிரொலியைக் கொஞ்சம் சிதறடிக்கும், மேல்ஸ்தாயியைக் கொஞ்சம் குறைக்கும். ஏற்கெனவே குறைஞ்சு கிடக்கறதை இன்னும் குறைச்சு என்ன பண்ண? காஞ்ச அட்டை வேற, ஒரு வயர் பொசுங்கினாப் போதும்.

தீ பத்திப் பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லியே ஆகணும், நூல்கண்டுக்கும் சேர்த்து. 2003 பிப்ரவரியில அமெரிக்காவுல ரோட் ஐலண்டில ஒரு இரவு விடுதி எரிஞ்சு 100 பேர் செத்தாங்க. மேடையைச் சுத்தி சத்தத்துக்காக ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோம்ல மத்தாப்புப் பொறி பட்டதுதான் ஆரம்பம். 2013 ஜனவரியில பிரேசில்ல சான்டா மரியாவுல அதே கதை, அங்க 242 பேர். அந்த ஃபோம் எரிஞ்சா சயனைடு கலந்த புகை வரும். உங்க ஃபோம்ல ஒரு துண்டை வெட்டி, மொட்டை மாடியில வெட்டவெளியில, இடுக்கியில பிடிச்சுத் தீக்குச்சி காட்டுங்க. தீக்குச்சியை எடுத்ததும் அணையணும். சொட்டுச் சொட்டா எரிஞ்சுக்கிட்டே விழுந்தா, அது எவ்வளவு நல்லாச் சத்தத்தைத் தின்னாலும் வீட்டுக்குள்ள வேண்டாம்.

---

நூல்கண்டு

சொட்டுச் சொட்டா எரிஞ்சுக்கிட்டே விழுந்துச்சுங்க. இன்னைக்கே உரிக்கறேன். புரொஜெக்டர் வயர் அதும்மேலயே போகுது, யோசிச்சா வயித்தைக் கலக்குது.

---

பனிக்கட்டி (ஸ்காபரோ)

நூல்கண்டு தம்பி, நான் கனடாவிலை இருந்து எழுதுறன். ஊர் யாழ்ப்பாணம். போன வருஷம் என்ரை பேஸ்மென்டிலை தியேட்டர் ஒண்டு செய்தனான். நீங்கள் பாத்த யூட்யூப் வீடியோக்கள் எல்லாம் இங்கத்தைய ஆக்கள் போட்டது எண்டதைக் கவனிச்சனீங்களோ?

இங்கை உள்சுவர் எல்லாம் மரச்சட்டத்திலை ஜிப்சம் போர்டு அடிச்சது. கையாலை தட்டினால் 'டொக்' எண்டு மேளம் மாதிரிக் கேக்கும். பாஸ் வந்து அடிச்சால் அந்தப் போர்டே கொஞ்சம் அசைஞ்சு சத்தத்தைத் தின்னும், மிச்சம் அப்பால் போயிடும். சுவரே அரைவாசி வேலை செய்துபோடும். அதாலை இங்கத்தைய ஆக்கள் ரெண்டு இஞ்ச் தடிப்பிலை பனல் (பஞ்சு அடைச்ச சட்டம்) நாலு மாட்டிப்போட்டு 'அருமை' எண்டு சொல்லுவினம். உங்கடை செங்கல்லும் கான்கிரீட்டும் அசையாது. வந்த பாஸை வந்தபடியே திருப்பி அனுப்பும். அம்மாவின்ரை வீட்டிலை, ஊரிலை, அதே ஸ்பீக்கரை வச்சுக் கேட்டனான், வேறை ஆரோ செய்த ஸ்பீக்கர் மாதிரி இருந்தது. அதுக்குப் பிறகுதான் எனக்கு விளங்கினது.

அதாலை வீடியோவிலை சொல்ற தடிப்பை அப்பிடியே எடுக்காதேங்கோ. இரட்டிப்பாக்குங்கோ.

---

பழைய டேப்

பனிக்கட்டி அண்ணன் சொன்னதை நான் முதல்லயே சொல்லியிருக்கணும். இந்த இழையில இதுவரைக்கும் வந்ததுலயே முக்கியமான பதிவு அதுதான். நம்ம வீடு கோயில் கர்ப்பக்கிரகம் மாதிரி. அங்க ஓங்காரம் நிக்கறது அழகு, ஆனா சண்டைக் காட்சி நின்னா தாங்காது.

---

ரெண்டாம் மாடி (சென்னை)

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். நான் அப்பார்ட்மென்ட்ல இருக்கேன். இந்தப் பேனல் எல்லாம் மாட்டினா பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாதா? அங்க ஒரு மாமி, எட்டு மணி ஆச்சுன்னா சுவத்தைத் தட்டுவாங்க.

---

பழைய டேப்

போகும். அது வேற வைத்தியம். இங்க பேசறது ரூமுக்குள்ள சத்தம் தெளிவாக் கேக்கறதுக்கு. வெளிய போகாம தடுக்கணும்னா கனம் வேணும், காத்து போகாத அடைப்பு வேணும், சுவருக்கும் புதுச் சுவருக்கும் தொடர்பு இல்லாம இருக்கணும். பஞ்சு மாதிரி இருக்கற எதுவும் தடுக்காது. தண்ணி ஊத்தினா எங்கெல்லாம் ஒழுகுமோ அங்கெல்லாம் சத்தமும் ஒழுகும்னு வச்சுக்குங்க: கதவுக்கு அடியில இருக்கற அரை இன்ச் சந்து, ஏசி பைப் ஓட்டை, சுவிட்ச் பாக்ஸ். கதவை மாத்தி, கனமான மரக்கதவு போட்டு, நாலு பக்கமும் ரப்பர் ஒட்டினாலே வசனச் சத்தம் பாதி அடங்கும். சப்வூஃபர் மட்டும் கட்டடத்தோட எலும்பு வழியாப் போகும். எட்டு மணிக்கு மேல அதை அணைக்கறதுதான் மாமிக்கு மரியாதை.

---

நூல்கண்டு

டேப் ஐயா, செஞ்சு பாத்துட்டேன். சோபாவை முன்னாடி இழுத்தேன், சப்பை நடுவுல வச்சேன். ஒரு பைசா செலவில்லை. அந்த உரல் சத்தம் பாதி போயிருச்சுங்க! மச்சான் ஓரத்துலயே உக்காந்து முழுப் படமும் பாத்தான். திரையும் பெருசாத் தெரியுது.

வீட்டுக்காரம்மாதான், "பின்னாடி ஆறடி இடம் சும்மா கிடக்கே, தையல் மெஷினைப் போட்டுக்கட்டுமா"ங்கறாங்க.

ஃபோம் உரிச்சதுல பெயிண்ட்டும் பட்டியும் சேந்து பேந்து வந்துருச்சு. சுவர் அம்மை போட்ட மாதிரி இருக்கு. எப்படியும் பேனல் மறைச்சுடும்னு விட்டுட்டேன்.

---

மீட்டர்முள் (கோவை)

என்கிட்ட அளவெடுக்கற மைக் இருக்குங்க, யூமிக்-1. லேப்டாப்புல அந்த அளவைக் கோடா வரைஞ்சு காட்டற ஆர்.இ.டபிள்யூ சாஃப்ட்வேர் இலவசமாவே கிடைக்கும். ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிட்டுப் போங்க, ஒரு மாசம் வச்சிருங்க. காதை மட்டும் நம்பினா முதல் நாள் பிடிச்சது மூணாவது நாள் பிடிக்காது.

---

நூல்கண்டு

மீட்டர்முள் அண்ணா வீட்டுல மைக்கோட காபியும் குடிச்சுட்டு வந்தேன், நன்றிங்க. ஃபோம் முழுக்க எடுத்த பிறகு அளந்தது:

கை தட்டினா சத்தம் அடங்க நடு ஸ்தாயியில 1.3 நொடி. 125 ஹெர்ட்ஸ்லயும் கிட்டத்தட்ட அதே. 36 ஹெர்ட்ஸ்ல ஒரு குன்று (அங்க சத்தம் தூக்கி நிக்குது), சோபா பழைய இடத்துல இருந்தப்ப 14 டெசிபல், இப்போ 5. 105 பக்கத்துல ஒரு மொத்து, ஐயா சொன்ன மாதிரியே. அப்புறம் 48 ஹெர்ட்ஸ்ல ஒரு பெரிய குழி (அங்க சத்தம் இறங்கிடுது), 12 டெசிபல். அந்தக் குழி முன்ன இல்லை. புதுசா எங்கிருந்து வந்துச்சு?

---

பழைய டேப்

பின்சுவர்ல இருந்து. காதைத் தாண்டிப் போன சத்தம் ஆறடி போய், ஆறடி திரும்பி வருது. மொத்தம் 12 அடி. எந்த ஒலிக்கு 12 அடி அரை அலையோ, அது தலைகீழாத் திரும்பி வந்து, நேரா வர்றதை அடிச்சுடும். 1,140-ஐ 24-ஆல வகுங்க. 47.5. உங்க குழி பொய் சொல்லலை.

குழியை ஈக்வலைசர்ல (ஸ்தாயிக்கு ஸ்தாயி சத்தத்தை ஏத்தி இறக்கற வசதி) ஏத்தி நிரப்பப் பாக்காதீங்க. ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தற வேலை அது, ஊத்தின அளவு ஒழுகும், சப் மட்டும் வெந்துபோகும். குன்றைக் குறைக்கலாம், குழியை ஏத்தக் கூடாது. இப்போதைக்கு அதை அங்கயே விடுங்க.

முதல் இலக்கு அந்த 1.3 நொடி. 0.3-க்கும் 0.4-க்கும் நடுவுல வரணும், அதுவும் எல்லா ஸ்தாயியிலயும் சமமா வரணும். மேல மட்டும் 0.2-க்கு இறங்கினா மறுபடி கம்பளிதான்.

ஒரு பழைய கதை. 1895-ல ஹார்வர்டுல வாலஸ் சபைன்னு ஒரு இளம் பேராசிரியர்கிட்ட, பேசினா ஒண்ணுமே புரியாத ஒரு விரிவுரை அரங்கைச் சரிபண்ணச் சொன்னாங்க. அவர் பக்கத்துத் தியேட்டர்ல இருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில தூக்கிட்டு வந்து, அரங்குல பரப்பி, ஒரு ஆர்கன் குழாயை ஊதி, கடிகாரத்தை வச்சு நேரம் குறிப்பார். விடியறதுக்குள்ள மெத்தையைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கணும். மெத்தை கூடக் கூட நேரம் எப்படிக் குறையுதுன்னு பாத்துக் கண்டுபிடிச்ச கணக்கைத்தான் இன்னைக்கும் போடறோம். 0.161-ஐ ரூமோட கன அளவால பெருக்கி, மொத்த உறிஞ்சல் பரப்பால வகுத்தா, சத்தம் அடங்கற நொடி வரும். உங்க ரூம் 50 கன மீட்டர். 0.35 நொடி வேணும்னா 23 சதுர மீட்டர் உறிஞ்சல் தேவை. சோபா, ஆளுங்க, திரைச்சீலை, ஜமுக்காளம் எல்லாம் சேர்ந்து பத்துக்குள்ள தரும். மிச்சம் பதிமூணு சதுர மீட்டர் பேனல்.

---

நூல்கண்டு

பவானி ஜமுக்காளம் ரெண்டு இருக்குங்க, பாட்டி காலத்துது. அது போதுமா, இல்லை கார்ப்பெட் வாங்கணுமா?

---

பழைய டேப்

ஒண்ணுமேல ஒண்ணா விரிங்க. மெலிசு, மேல்ஸ்தாயியை மட்டும்தான் தொடும், ஆனா டைல்ஸுக்கும் சீலிங்குக்கும் நடுவுல சத்தம் பந்து விளையாடறதை நிறுத்தும். கோரைப்பாய் மட்டும் போடாதீங்க, குளுமையா இருக்கும், வேலை செய்யாது.

---

இழைப்புளி

மர வேலைக்கு நான் வர்றேன். இருபது வருஷமா அதான் தொழில்.

பேனலுக்குள்ள வைக்கற ராக்வூல் (கல்லை உருக்கி நூத்த பஞ்சு) ஸ்லாப் பெரும்பாலும் 1,000 × 600 மில்லி அளவுல, 50 மில்லி தடிமன்ல வரும். ஸ்லாப்பை வெட்டாதீங்க, ஸ்லாப் அளவுக்குச் சட்டத்தை அடிங்க. ரெண்டை மேல மேல நிறுத்தினா 2 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட ஆறரை அடி. உள்ளளவு 1,000-க்கு 995 வைங்க, 600-க்கு 595. ஸ்லாப் தானே கவ்விக்கும், கம்பி கட்ட வேண்டாம்.

மரத்துக்கு உங்க ஊர்ல பஞ்சமே இல்லை. ஏற்றுமதிப் பெட்டி உடைக்கிற இடத்துல பைன் பலகை எடைக்கு வாங்கலாம். முக்கால் இன்ச் கனம், நாலு இன்ச் அகலம் போதும். ஆணி பிடுங்கிட்டு ரம்பத்துல வைங்க, இல்லைன்னா பல்லு போகும். நாலு முக்குலயும் பின்பக்கம் ஒரு முக்கோண ப்ளைவுட் துண்டு வச்சு திருகுங்க, சட்டம் எப்பவும் கோணாது. மாடி ரூம்னாலும் கரையான் வரும், பின்பக்கத்துக்குக் கரையான் மருந்து ஒரு கோட் அடிங்க. மழைக்காலத்துல சுவர் ஓதம் பிடிச்சா பேனலைச் சுவரோட ஒட்டாதீங்க. எப்படியும் ஒலிக்கும் இடைவெளி நல்லதுன்னு சொல்றாங்க.

---

பழைய டேப்

ஆமா, இடைவெளி ஓசியில கிடைக்கற தடிமன். 4 இன்ச் பேனலுக்குப் பின்னாடி 4 இன்ச் காத்து விட்டா, இன்னும் கீழ்ஸ்தாயி வரைக்கும் வேலை செய்யும். சத்தத்தால ஆடற காத்து சுவர்கிட்ட நகர முடியாம நின்னுடுது, கொஞ்சம் தள்ளி வந்தாத்தான் வேகமா ஆடுது. ஆடற இடத்துல பஞ்சை வச்சாத்தான் உரசும்.

அடர்த்தி பத்தி ஒரு சண்டை வரும், முன்கூட்டியே முடிச்சுடறேன். 'கெட்டியா இருந்தா நல்லது'ன்னு கடைக்காரர் கன மீட்டருக்கு 96 கிலோவைத் தலையில கட்டப் பாப்பார். தடிமனான பேனலுக்கு 48 போதும். ரொம்பக் கெட்டியா இருந்தா சத்தம் உள்ள நுழையாம முகத்துலயே திரும்பிடும்.

எங்க வைக்கறது? சோபாவுல நீங்க உக்காருங்க, மச்சான் கையில முகம் பாக்கற கண்ணாடியைக் குடுத்துப் பக்கச் சுவரோட நகரச் சொல்லுங்க. கண்ணாடியில எந்த இடத்துல முன் ஸ்பீக்கர் தெரியுதோ, அங்க பட்டுத்தான் சத்தம் உங்க காதுக்குத் தெறிக்குது, அங்க பேனல். மேல சீலிங்குலயும் அதே கணக்கு.

---

மூக்குக்கண்ணாடி

ராக்வூல் நுரையீரலுக்கு ஆகாதே? கேன்சர் வரும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. பேசாம இலவம்பஞ்சு, இல்லைன்னா பொள்ளாச்சித் தேங்காய் நார் வைக்கலாமே.

---

மீட்டர்முள்

உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002-ல ராக்வூலையும் இன்சுலேஷன் கண்ணாடிப் பஞ்சையும் மூணாவது பிரிவுல வச்சுட்டாங்க, அதாவது புற்றுநோய் உண்டாக்கும்னு வகைப்படுத்தப் போதுமான ஆதாரம் இல்லைன்னு. ஆஸ்பெஸ்டாஸோட போட்டுக் குழப்பிக்கறாங்க. ஆனா அரிக்கும், அது சத்தியம். முழுக்கைச் சட்டை, மாஸ்க், கண்ணாடி போட்டுக்குங்க. வேலை முடிஞ்சதும் பச்சைத்தண்ணியில குளிங்க. அந்தச் சட்டையை வீட்டுத் துணியோட போடாதீங்க.

தேங்காய் நார் நல்லாவே உறிஞ்சும், குறை சொல்ல முடியாது. சீரான அடர்த்தியில தடிமனான பலகையாக் கிடைச்சா வைக்கலாம். இலவம்பஞ்சு வேண்டாம், தீப்பெட்டிக்கு அண்ணன் அது. ராக்வூல் கல்லை உருக்கி நூத்தது, எரியாது.

---

நூல்கண்டு

துணிக்கு மட்டும் யாரும் எனக்குச் சொல்ல வேண்டாங்க, நம்ம தொழில்.

பாத்த வீடியோவுல எல்லாம் ஒரு குறிப்பிட்ட ஸ்பீக்கர் துணியைத்தான் வாங்கச் சொல்றாங்க, மீட்டருக்கு யானை விலை. துணியை வாயில வச்சு ஊதினா மறுபக்கம் காத்து வரணும், அதான் சோதனைன்னு டேப் ஐயா பழைய இழை ஒண்ணுல எழுதியிருந்தாரு. கம்பெனியில எல்லாத் துணியையும் ஊதிப் பாத்தேன். கட்டிங் மாஸ்டர் எனக்குப் பேய் பிடிச்சுருச்சுன்னு நினைச்சாரு. காடாத் துணி நெருக்கமா நெய்தது, கொஞ்சம் மூச்சு முட்டுது. 160 ஜி.எஸ்.எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) சிங்கிள் ஜெர்சி, அதாவது நீங்க எல்லாம் போடற டீ-சர்ட் துணி, ஊதினா சிரமமே இல்லாம போகுது. வளையமா பின்னினதால நூலுக்கு நூல் சந்து. இழுத்துக் கட்டினா இன்னும் திறந்துக்குது, சுருக்கமே விழாது. செகண்ட்ஸ் ரோல் ஒண்ணு, கருநீலம், சாயத்துல லேசாத் திட்டு. இருட்டுல யாருக்குத் தெரியப்போகுது? கிலோக் கணக்குல எடுத்துட்டேன்.

ராக்வூல் 60 ஸ்லாப். கோவையில ஒரு இன்சுலேஷன் கடையில இருந்து குட்டி யானையில வந்துச்சு. மேல ஏத்தறதுக்குள்ள மச்சானுக்கும் எனக்கும் கழுத்தெல்லாம் தடிச்சுப்போச்சு, முழுக்கைச் சட்டை போட்டும் காலர் பட்டனைப் போடாம விட்டுட்டோம்.

இப்படிப் பங்கு போட்டிருக்கேன், சரியான்னு பாருங்க. பக்கச் சுவருக்கு ரெண்டு ரெண்டா நாலு பேனல், 4 இன்ச் கனம். பின்சுவருக்கு மூணு, 8 இன்ச் கனம். சீலிங்குக்குச் சின்னதா நாலு. முன் மூலை ரெண்டையும் முக்கோணமா வெட்டின துண்டுகளை அடுக்கித் தரையில இருந்து 2 மீட்டர் வரைக்கும் நிரப்பறேன். ஒரே சிக்கல், வலது பக்கம் கண்ணாடி வச்சுப் பாத்தா ஸ்பீக்கர் தெரியற இடம் சரியா ஜன்னல்ல வருது.

---

இழைப்புளி

ஜன்னலுக்குச் சக்கரம் வச்ச ஸ்டாண்டு பண்ணிடுங்க. சட்டத்துக்குக் கீழ ரெண்டு பாதம், நாலு சின்ன உருளை. படம் பாக்கறப்ப தள்ளி நிறுத்துங்க, மத்த நேரம் ஓரமா. இடதுல பேனல், வலதுல வெறும் கண்ணாடின்னு விட்டுடாதீங்க.

சீலிங் பேனலுக்கு நாலு கொக்கி, நாலும் கான்கிரீட்டுல எக்ஸ்பேன்ஷன் போல்ட். தலைக்கு மேல தொங்கறதுல சிக்கனம் பாக்க வேண்டாம்.

---

பழைய டேப்

பங்கு சரி. முன் ஸ்பீக்கர் ரெண்டும் முன்சுவர்ல இருந்து எவ்வளவு தள்ளி இருக்கு? ரெண்டரை அடின்னா 114 ஹெர்ட்ஸ்ல இன்னொரு குழி விழும், ஆம்பளைக் குரல் மெலிஞ்சு போகும். சுவர்கிட்ட தள்ளுங்க. ஒரு அடிக்குள்ள போனா குழி 285-க்கு மேல ஏறிடும், அங்க பேனல் பாத்துக்கும்.

---

நூல்கண்டு

மூணு வாரம் ஆச்சுங்க. எல்லாம் மாட்டி முடிச்சாச்சு. ராக்வூலுக்குப் பதினோராயிரத்துச் சொச்சம், மரம், திருகு, போல்ட் எல்லாம் சேர்த்து இன்னொரு ஆறாயிரம். துணி கணக்குல சேக்கலை.

அளவு சொல்றேன். 250-ல இருந்து 4,000 வரைக்கும் 0.35 நொடிதான், கோடு போட்ட மாதிரி. 125-ல 0.45. 105 மொத்து பாதிக்கு மேல கரைஞ்சுருச்சு. 36 குன்றை ரிசீவர்ல (ஸ்பீக்கரை எல்லாம் ஓட்டற பெட்டி) இருக்கற ஈக்வலைசர்ல 5 டெசிபல் இறக்கினேன், அடங்கிருச்சு. 48 குழி அப்படியேதான் இருக்கு. 8 இன்ச் பேனல் அதைத் தொடக்கூட இல்லை.

காதுக்கு எப்படின்னா, ராத்திரி ஒரு பழைய படம் போட்டேன். அதுல ஒரு வீட்டு முற்றத்துல ரெண்டு பேர் பேசிட்டு இருப்பாங்க. பின்னால தூரத்துல ஒரு சைக்கிள் மணி அடிக்கும். இருபது தடவை பாத்த படம்ங்க, அந்த மணியை நான் கேட்டதே இல்லை. நிறுத்திப் பின்னாடி போய் மறுபடி கேட்டேன். வெளிய எங்கயோ அடிக்குதுன்னு ஜன்னலைத் திறந்தும் பாத்தேன்.

வால்யூம் முன்னாடி 60-ல வச்சா வசனம் புரியாது. இப்போ 48-ல வச்சாலே போதும். அம்மா கீழ இருந்து கேக்கறதே இல்லை. மத்தியானத்துல மேல வந்து, சோபாவுல படுத்துத் தூங்கறாங்க. வெளிய இருந்து வர்ற சத்தம் நிக்கலைன்னாலும் ரூமுக்குள்ள ஒரு அமைதி இருக்குன்னு சொல்றாங்க.

48 குழிக்கு மட்டும் வழி சொல்லுங்க ஐயா.

---

பழைய டேப்

அதை உறிஞ்சணும்னா ஆறடி கனத்துக்குப் பஞ்சு வேணும், அப்புறம் நீங்க வராந்தாவுல உக்காந்து படம் பாக்கணும். வழி ஒண்ணுதான். பின்சுவர் நடுவுல இன்னொரு சப். முன்னாடி ஒண்ணு, நேரெதிரா பின்னாடி ஒண்ணு. ஸ்பீக்கர் செய்யற ஹார்மன் கம்பெனியில டாட் வெல்டின்னு ஒருத்தர் 2002 வாக்குல இதைக் கணக்குப் போட்டே காட்டினார்: எதிரெதிர்ச் சுவர் நடுவுல ரெண்டு சப் வச்சா, மூலையில நாலு திணிக்கறதைவிடப் பெருசா மோசம் போகாது, சீட்டுக்குச் சீட்டு வித்தியாசமும் குறையும். அந்த 36 ஆட்டத்தையும் ரெண்டும் சேர்ந்து அடக்கும்.

---

மூக்குக்கண்ணாடி

நான் முதல்லயே சப் வாங்கச் சொன்னேன்.

---

பழைய டேப்

சொன்னீங்க. ஆனா இருக்கறதைத் தூக்கிப் போட்டுட்டுப் பெருசா ஒண்ணு வாங்கச் சொன்னீங்க. இதே 10 இன்ச்சுல ரெண்டாவது ஒண்ணு, எதிர்ப் பக்கத்துல. சரி, பாதி மார்க் போட்டுக்கறேன்.

---

நூல்கண்டு

பின்சுவர் நடுவுல இப்போ தையல் மெஷின் இருக்குங்க. பேச்சுவார்த்தை நடக்குது.

இன்னொரு அவசரக் கேள்வி. பேனலுக்குப் பின்னாடி விட்ட 4 இன்ச் இடைவெளியில பல்லி குடும்பம் குடியேறிடுச்சு. அமைதியான காட்சி வர்றப்ப சரியா இடது சரவுண்ட் ஸ்பீக்கர் பக்கத்துல 'ச்சு ச்சு'ங்குது. மச்சான் அது படத்துல வர்ற சத்தம்னே நினைச்சுட்டான்.

---

இழைப்புளி

சுத்தி நாலு பக்கமும் கொசுவலையை ஸ்டேப்ளர் அடிச்சு மூடுங்க. காத்து போகும், பல்லி போகாது. மூடறதுக்கு முன்னாடி எல்லாம் வெளிய வந்துருச்சான்னு மட்டும் டார்ச் அடிச்சுப் பாத்துடுங்க.